கொய்னா: தப்பாகவே வைத்த பெயர்

இலங்கையின் ஊவாவில், பெரகல சந்தியில் பாதை பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறும். மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். மேலே குளிர், கீழே வெக்கை. அந்தக் காலத்தில் கீழே போனவர்களுக்கு முறைக்காய்ச்சலும் காத்திருந்தது. நடுக்கம் நாள் விட்டு நாள் முறைவைத்து வருவதால் அந்தப் பெயர். 'கெட்ட காற்று' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லான மலேரியாவைப் போலன்றி, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர் இது.

அதற்குக் கொடுத்த மருந்துதான் கொய்னா. 'குயினைன்' என்பதன் முன்பாதியைத் தமிழ் நாக்கு தனக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டு, வாலை வெட்டிவிட்டது என்பது என் கணிப்பு. குயினைனுக்குப் பெயர் வைத்தவர்கள் 1820இல் அதை ஒரு தென்னமெரிக்க மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பெல்தியே, கவாந்தூ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் எடுத்தது 'கினா' என்ற ஸ்பானியச் சொல்லை. ஸ்பானியர் அதை எடுத்தது பெருநாட்டுக் கெச்சுவா மொழியின் 'கினா-கினா'விலிருந்து. இங்கேதான் வேடிக்கை: கினா-கினா என்பது இந்த மரமே அல்ல, பெரு பால்சம் தரும் வேறொரு மரம். காய்ச்சல் பட்டைக்கு அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

மரத்தின் தாவரவியல் பெயரும் தப்புதான். பெருவின் ஸ்பானிய ஆளுநர் மனைவியான சிஞ்சோன் சீமாட்டி இந்தப் பட்டையால் பிழைத்தாள் என்று 1663இல் ஒரு நூல் சொன்னது. அதை நம்பி 1742இல் லின்னேயஸ் மரத்துக்கு அவள் பெயரை வைத்தார்; வைக்கும்போதே ஓர் எழுத்தை விழுங்கி 'சிங்கோனா' ஆக்கிவிட்டார். எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லி கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1874இல் ஒரு புத்தகமே போட்டார். பலிக்கவில்லை. பின்னர், ஆளுநரின் நாட்குறிப்பைப் புரட்டிய ஆய்வாளர் ஹேகிஸ், அந்தக் காய்ச்சல் கதையே பொய் என்று 1941இல் காட்டினார். மார்க்கம் அப்போது உயிரோடு இல்லை, நல்லவேளை.

தென்னமெரிக்காவிலிருந்து நாற்றும் விதையும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வர ஏற்பாடு செய்தவரும் அதே மார்க்கம்தான். நீலகிரியில் நட்டார்கள், 1861இல் இலங்கையின் ஹக்கலையில் இதற்கென்றே தோட்டம் திறந்தார்கள். கோப்பியில் காசு பார்த்துக்கொண்டிருந்த துரைமார் முதலில் திரும்பியும் பார்க்கவில்லை. 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அதன்பிறகு கசப்பு மரம் இனித்தது. 1886இல் சுமார் ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியானது. அத்தனையும் சந்தையில் குவிந்ததில் விலை படுத்தது. ஜாவாவில் டச்சுக்காரர் வளர்த்த மரத்தின் பட்டையில் குயினைன் பல மடங்கு அதிகம்; போட்டி போட முடியவில்லை. மரங்களைப் பிடுங்கித் தேயிலை வைத்தார்கள்.

மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்து, காய்ச்சலில் கூட்டாளிகளைப் பறிகொடுத்து வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள்தான் இந்தப் பட்டையைச் சீவினார்கள். பட்டை லண்டன் ஏலத்துக்குப் போனது. 1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனபோது, குயினைனை வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டியிருந்தது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. கொய்னா என்ற சொல்லுக்கு இங்கே வேலை போய்விட்டது. அக்கரையில், இந்தியாவின் வால்பாறைப் பக்கம், ஓர் ஊருக்கு இன்னும் சிங்கோனா என்றே பெயர். அங்கேயும் இப்போது தேயிலைதான்.