எலும்புக்குப் பெயர் உண்டோ?

அம்பத்தூரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால், பரங்கிமலைக்கு அருகே நந்தம்பாக்கம். 1952-ல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். தளபதிக்குப் பெருங்கல், சிப்பாய்க்குச் சிறுகல் என்ற பேதம் கூடாது. இது 1917-ல் பிறந்த போர்க் கல்லறை ஆணையம் வகுத்த விதி. வாழ்வு தராத சமத்துவத்தைச் சாவு தந்ததே என்று வியக்கத் தோன்றும்.

இன்னார் என்று தெரியாத வீரனுக்கும் ஆணையம் கல் நாட்டுகிறது. அவனைக் கடவுள் அறிவார் என்று அதில் பொறிக்கிறது. அச்சொல்லைத் தேர்ந்தவர் கவிஞர் கிப்ளிங்; 1915-ல் லூஸ் போர்க்களத்தில் மறைந்த மகனைத் தேடியும் காணாத தந்தை!

பிரான்சில், வெர்டன் அருகே, டூமோனில் 1932-ல் திறக்கப்பட்டது ஓர் எலும்பு மாளிகை. அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரரின் எலும்புகள் அதில் குவிந்துள்ளன. பிரெஞ்சுக்காரன் எலும்பு எது, ஜெர்மானியன் எலும்பு எது? பிரித்தறிய எவராலும் இயலவில்லை.

குண்டு சிதைத்த உடலுக்குப் பெயர் தெரியாமற் போகலாம். எழுத மனமின்றிப் பெயர் மறைந்தால்?

சயாம்-பர்மா இரயில் பாதையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1942-43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. மாண்ட போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000. தோழனைப் புதைத்த இடத்தைக் கைதிகள் குறித்து வைத்தனர். காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் எழுந்தன. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளரோ, 80,000 முதல் 1,00,000 பேர் வரை மடிந்தனர். அதுவும் மதிப்பீடுதான்! எண்ணியவரே இல்லை, கல் நாட்டுவோர் யார்?

அவர்கள் வீரரல்லர், கூலிகள் என்பார்கள். வீரராயின் நீதி கிடைத்ததா? முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்று 2021-ல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது.

அப்பெயர்களைக் கடவுள் அறிவாரோ, அறியாரோ! சயாமுக்குப் போன தொழிலாளியின் பெயரைக் கங்காணி அறிந்திருந்தான். குடிசையில் காத்திருந்த மனைவி அறிந்திருந்தாள். அப்பெயர் மறைந்தது விதியாலன்று; எழுதாத மனிதரால்.

நடுகல்லில் பெயர் பொறித்த மரபு நம்முடையது. உங்கள் ஊரிலிருந்து மலேயா சென்று திரும்பாதவர் எவர்? முதியோரைக் கேளுங்கள். கேட்டு எழுதுங்கள்.