சரிகை ஒட்டிய படங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் கடைகளில் நாடக நடிகர்களின் உருவப்படங்கள் அச்சிட்டு விற்கப்பட்டன. கறுப்பு வெள்ளைப் படம் ஒரு பென்னி; வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. 1814இல் மூன்றாம் ரிச்சர்டாக மேடையேறிப் புகழ்கொண்ட எட்மண்ட் கீன் போன்றோர் அவற்றில் அரச உடையில் வாளேந்தி நிற்பர். நிழற்படம் தோன்றாத அக்காலத்து நடிகரின் ஒப்பனையை அறிய இவை நல்ல சான்றுகள். வாங்கியவர் படத்தை அப்படியே விட்டுவிடவில்லை. பட்டுத் துணியையும் வண்ணத் தகட்டையும் உடையின்மேல் ஒட்டி, மேடையில் கண்ட மினுமினுப்பை வீட்டுச் சுவருக்குக் கொணர்ந்தனர். இதற்கென வாளும் தலைக்கவசமுமாக வெட்டிய தகடுகளும் கடைகளில் கிடைத்தன.

நமக்கு இது புதிதன்று. 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் இலக்குமியும் சரசுவதியும் செட்டிநாட்டு இல்லங்களில் இவ்வாறே அணிபெற்றனர். சேலைக்குச் சரிகை, மாலைக்கு மணி, முடிக்குச் சமிக்கி! அத்தேவியர் நிற்கும் பாங்கும் நாடகத் திரையின்முன் நிற்கும் பாங்கன்றோ? தெய்வ வேடம் பூண்ட நடிகரைக் கண்டு பழகிய கண்களுக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

என் பாட்டியாரிடமும் அத்தகைய இலக்குமி படம் ஒன்று இருந்தது. அதில் ஒட்டிய சரிகை, அவருடைய மணச்சேலையின் கிழிந்த முந்தானை. அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, பூச்சி அரித்ததென்று சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தை எறிந்துவிட்டோம். அதே இலக்குமியின் மறுபதிப்பைப் பின்னர்ச் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாங்கி அச்சட்டத்தில் மாட்டினேன். பாட்டியார் வந்து பார்த்தார், சேலையை விரலால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை.