75 வாட்: சின்ன ஊர் கேமருக்குக் கதவு திறந்த எண்

உத்திரமேரூர்னு சொன்னாலே எல்லாரும் குடவோலைக் கல்வெட்டுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. நாம இன்னைக்கு அந்த ஊர்ல ஒரு வீட்டு மேஜைக்குக் கீழ இருக்கிற பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து ஆரம்பிப்போம்.

அந்த மாதிரிப் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஏதோ ஒரு கம்பெனி சில வருஷம் ஓட்டிட்டுத் தள்ளிவிட்டது, ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல செகண்ட் ஹேண்டா வந்து சேர்ந்தது. ப்ராசஸர் இன்னும் தெம்பா இருக்கும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா கேமிங் பிசி ஆயிடும். ஆனா உள்ள இருக்கிற எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 300 வாட்டுக்குள்ளதான். கார்டுக்குத் தனியா கரண்ட் கொடுக்கிற 6 பின் வயரும் பல பெட்டிகள்ல இருக்காது.

அப்போ கார்டுக்குக் கரண்ட் வர ஒரே வழி, அது உட்காருற மதர்போர்டு ஸ்லாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி அந்த ஸ்லாட் தர்ற உச்சம் 75 வாட். நம்ம வீட்டு சாதா சீலிங் ஃபேன் ஒண்ணு இழுக்கிற அளவு. சின்ன ஊர் கேமிங்கோட வரலாறு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளதான் நடந்திருக்கு.

ஸ்லாட்டுல வர்ற கரண்ட் பத்தலங்கிறது பழைய பிரச்சினை. 2000-ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ 5 5500 கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனி வயர் இழுக்கணும். அடுத்து வர வேண்டிய வூடூ 5 6000-க்கு, சுவர் பிளக்ல செருகுற தனி அடாப்டரே வச்சிருந்தாங்க. அது கடைக்கு வரவே இல்ல. அந்த வருஷ டிசம்பர்லயே கம்பெனி தன்னோட தொழில்நுட்பத்தை என்விடியாவுக்கு வித்துடுச்சு. அதுக்கப்புறமும் கார்டுகளோட பசி அடங்கல. 2010-ல வந்த ஜிடிஎக்ஸ் 480 கேட்டது 250 வாட்.

அதே காலத்துல நம்ம பக்கம் நிலைமை என்ன? 2012-ல சென்னைக்கு 2 மணி நேரம் பவர் கட். வெளி மாவட்டங்கள்ல அதைவிடப் பல மடங்கு. வீட்ல இருந்த 600 விஏ யுபிஎஸ் தாங்குறது சுமார் 360 வாட். மானிட்டர், ப்ராசஸர் எல்லாம் சேர்ந்தா, பெரிய கார்டுக்கு அதுல இடமே இல்ல.

இந்த நேரத்துலதான், 2014 பிப்ரவரியில, ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது. முந்தைய 650 டிஐ 110 வாட் இழுத்துச்சு. இது 60 வாட்தான், ஆனா அதைவிட வேகம். அதே 28 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலயே, மேக்ஸ்வெல்ங்கிற புது டிசைனால இதைச் சாதிச்சாங்க. வயர் வேண்டாம், எஸ்எம்பிஎஸ் மாத்த வேண்டாம். அடுத்த வருஷம் ஜிடிஏ 5 பிசிக்கு வந்தப்போ, ஆபீஸ்ல எக்ஸெல் ஓட்டின பெட்டியிலயே அதை 1080பி-ல விளையாட முடிஞ்சது. 2016-ல ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-ல ஜிடிஎக்ஸ் 1650. ரெண்டுமே 75 வாட்.

இதுல 1050 டிஐ கதை ரொம்ப சுவாரசியம். 2020 கடைசியில எதீரியம் மைனிங் பண்றவங்க கார்டுகளை அள்ளிட்டுப் போனாங்க. ஆனா மைனிங்குக்கு வேண்டிய டேட்டா ஃபைல் அந்த டிசம்பர்ல 4 ஜிபியைத் தாண்டிடுச்சு. 1050 டிஐ-ல இருக்கிறதே 4 ஜிபிதான், அதனால மைனருக்கு அது வேண்டாத பொருள். 2021-ல என்விடியா அந்தப் பழைய கார்டைத் திரும்பக் கடைக்கு அனுப்புச்சு. மெமரி கம்மியா இருந்ததே கேமருக்கு லாபமாப் போச்சு.

அடுத்து 2024 பிப்ரவரியில ஆர்டிஎக்ஸ் 3050-ல 6 ஜிபி மாடல், 70 வாட். அதுக்கப்புறம் என்விடியா இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. 2025-ல வந்த அடிமட்ட கார்டு ஆர்டிஎக்ஸ் 5050-க்கே 130 வாட் வேணும். உச்சத்துல இருக்கிற 5090-க்கு 575 வாட்.

ஏன்னு கேட்டா, கணக்கைப் பாருங்க. 2025 ஜனவரியோட முடிஞ்ச நிதியாண்டுல என்விடியாவுக்கு டேட்டா சென்டர் வருமானம் சுமார் 11,500 கோடி டாலர், கேமிங் வருமானம் சுமார் 1,100 கோடி டாலர். கேமரே இப்போ வரிசையில பின்னாடி. அதுலயும் குறைஞ்ச விலைக் கார்டு கேட்கிறவர் கடைசி ஆள்.

இப்போ கார்டு வாங்க நினைக்கிறவங்களுக்கு இந்த வரலாறு சொல்றது மூணு விஷயம்.

ஒண்ணு, முதல்ல கேமைப் பாருங்க. வேலரன்ட்டுக்கு இன்டெல் எச்டி 4000-ஏ குறைந்தபட்சத் தேவை. 144 எஃப்பிஎஸ்-க்கு அவங்க சொன்னதே 1050 டிஐ-தான். அதுக்காகக் கடன் வாங்காதீங்க.

ரெண்டு, 3050-ன்னு மட்டும் கேட்காதீங்க. 6 ஜிபியா, 8 ஜிபியான்னு பெட்டியில பாருங்க. 8 ஜிபி மாடல் 130 வாட், ஆபீஸ் பெட்டி தாங்காது.

மூணு, ஏஎம்டி-யோட ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான். ஆனா அது 4 லேன்தான் பயன்படுத்தும், பழைய மதர்போர்டுல வேகம் அடிவாங்கும்.

பெரிய கார்டுகளோட வரலாற்றை நிறைய பேர் சொல்லிட்டாங்க. ஆனா நம்மள்ல எத்தனையோ பேர் முதல் கேமை விளையாடினது, முதல் வீடியோவை எடிட் பண்ணினது எல்லாம் இந்த வயர் இல்லாத குட்டிக் கார்டுலதான். அந்தக் கதவு இப்போ மெதுவா மூடிட்டு வருது. உங்க முதல் கார்டு எதுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.