விழுப்புண்ணும் கொடைமடமும்

2023 ஜூன் 11ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் முடிந்தது. இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது. அப்போதைய தரவரிசையில் உலகின் முதல் டெஸ்ட் பந்துவீச்சாளராக இருந்த ரவிச்சந்திரன் அஸ்வின் அந்த ஆட்டத்தின் பதினொருவரில் இல்லை. வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்தார். மூன்று நாள் கழித்து, ஜூன் 14 அன்று, அவர் கோயம்புத்தூரில் நின்றுகொண்டிருந்தார். தமிழ்நாடு பிரீமியர் லீகில் திருச்சி அணிக்கு எதிரான ஆட்டம். இவர் திண்டுக்கல் அணியின் தலைவர். இவர் வீசிய பந்தில் மட்டையாளர் பின்னால் பிடிகொடுத்ததாக நடுவர் விரலை உயர்த்தினார். மட்டையாளர் மறுபரிசீலனை கேட்டார். மூன்றாம் நடுவர் தீர்ப்பை மாற்றினார். அஸ்வின் விடவில்லை. மாற்றப்பட்ட தீர்ப்பின் மேல் தாம் ஒரு மறுபரிசீலனை கேட்டார். அதுவும் அவருக்கு எதிராகவே போயிற்று.

உலகெங்கும் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. யாருக்காக இவ்வளவு? டெஸ்டில் நானூறு விக்கெட்டுகளைக் கடந்துவிட்ட ஒருவர், இலண்டன் பயணக் களைப்பு தீருமுன், மாவட்டப் பெயர் தாங்கிய ஓர் அணிக்காக ஒரே ஒரு விக்கெட்டுக்கு இரண்டுமுறை வழக்காடுகிறார். அந்த விக்கெட்டால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

திண்டுக்கல் மாவட்டம் பழநியையும் கொடைக்கானலையும் உள்ளடக்கியது. பொதினி என்று சங்கப் பாடல்கள் சொல்லும் மலைநாடு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட நாடு. குளிரில் மயில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கழற்றிப் போட்டவனைப் புலவர்கள் எள்ளவில்லை. கொடைமடம் என்று ஒரு சொல்லை ஆக்கி, அதைப் புகழின் பட்டியலில் சேர்த்தார்கள். பெறுபவருக்கு அது தேவையா, கொடுப்பவருக்குத் திரும்பி என்ன வரும் என்று கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடும் பேதைமை அது. அதே புலவர்கள் இன்னொரு சொல்லையும் நமக்கு விட்டுப்போயிருக்கிறார்கள்: விழுப்புண். முகத்திலும் மார்பிலும் பட்ட காயம் பெருமை. முதுகில் பட்டது புறப்புண், மானக்கேடு. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டான். (சுழற்பந்து வீச்சாளனுக்கு வரும் வலியெல்லாம் முதுகிலும் இடுப்பிலும் அடிவயிற்றிலும்தான் வருகிறது. சங்கப் புலவர் கையில் அவன் அகப்படாதது நல்லதாயிற்று.)

இன்றைய விளையாட்டு எழுத்து விழுப்புண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கொடைமடத்தை மறந்துவிட்டது என்பது எங்கள் எண்ணம். சேப்பாக்கம் மைதானத்துக்கே இரண்டு நடுகற்கள் உண்டு. 1986 செப்டம்பர் வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்தபடியே 210 ஓட்டங்கள் சேர்த்து மருத்துவமனைக்குப் போனது ஒன்று; அந்த டெஸ்ட் சமனில், அதாவது இருபுறமும் ஓட்டங்கள் சரிசமமாகி, முடிந்தது. 1999 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுப் பிடிப்போடு டெண்டுல்கர் எடுத்த 136 மற்றொன்று. அதில் 12 ஓட்டங்களில் தோற்றோம். இரண்டையும் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆட்டம் பெரிது, அரங்கு நிறைந்திருந்தது, ஆகவே வலியும் பெரிதாகப் பதிவாயிற்று.

ஆனால் வலியோடு ஆடுவது எப்போதுமே புகழாக முடிவதில்லை. அஸ்வினின் கதையே அதற்குச் சான்று. 2018இல் இங்கிலாந்துப் பயணத்தின் நடுவே அவருக்குத் தசைக்காயம் ஏற்பட்டது. முழுதாக ஆறுமுன்பே சவுதாம்ப்டன் டெஸ்டில் இறங்கினார். சுழலுக்கு உதவிய அந்த ஆடுகளத்தில் மொயீன் அலி ஒன்பது விக்கெட் எடுத்தார். இவரால் அதில் பாதிகூட இயலவில்லை. இந்தியா 60 ஓட்டங்களில் தோற்றுத் தொடரையும் இழந்தது. அன்று யாரும் விழுப்புண் என்று சொல்லவில்லை. உடல் தகுதியில்லாமல் ஏன் ஆடினார் என்றுதான் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்டு. இரண்டு இன்னிங்ஸிலுமாக 86.5 ஓவர்கள் வீசினார். கடைசி விக்கெட்டும் இவருடையதே. 31 ஓட்டங்களில் வெற்றி. அடிவயிற்றுத் தசை கிழிந்த நிலையில் இரண்டாம் இன்னிங்ஸில் ஐம்பது ஓவருக்குமேல் வீசியதாகப் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொன்னார். அந்தத் தொடரில் மீதி மூன்று டெஸ்டுகளிலும் அவரால் ஆட முடியவில்லை. சிட்னியில் குல்தீப் யாதவ் ஐந்து விக்கெட் எடுத்ததும், வெளிநாட்டில் இனி குல்தீப்தான் நமது முதல் சுழற்பந்து வீச்சாளர் என்று பயிற்சியாளர் ரவி சாஸ்திரி அறிவித்தார். அது தம்மை நொறுக்கிவிட்டது என்றும், 2018க்கும் 2020க்கும் இடையில் பலமுறை ஓய்வு பெற்றுவிட எண்ணியதாகவும், ஆறு பந்து வீசினாலே மூச்சு வாங்கியதாகவும் அதே நேர்காணலில் அஸ்வின் கூறினார்.

பிறகு 2021 ஜனவரி 11, மீண்டும் சிட்னி. முந்தைய இரவு முதுகுவலியோடு படுத்தவர் காலையில் நிமிர்ந்து நிற்கவோ, குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டவோ முடியாமல் இருந்தார் என்று அவருடைய மனைவி எழுதினார். எதிர்முனையில் தொடையின் பின்தசை கிழிந்த ஹனுமா விஹாரி. ஓட முடியாதவரும் குனிய முடியாதவரும் சேர்ந்து நாற்பது ஓவருக்குமேல் நின்று ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. அன்று நாடே கொண்டாடியது. ஆக சவுதாம்ப்டனில் குற்றம், அடிலெய்டில் மௌனம், சிட்னியில் வீரம். செய்தவர் ஒருவர், செய்த காரியமும் ஏறக்குறைய ஒன்றுதான். வலியின் பெயரை முடிவுப் பலகை தீர்மானித்தது.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அதை விழுப்புண் பாடுவோர் சேர்த்துச் சொல்வதில்லை. அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் இருவராலும் ஆட முடியவில்லை. அஸ்வின் விட்ட இடத்தில் சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர் தம் முதல் டெஸ்டை ஆடினார். சேலம் மாவட்டத்து நடராஜனுக்கும் அதுவே முதல் டெஸ்ட். வாஷிங்டன் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்து, 62 ஓட்டங்களும் அடித்தார்; இந்தியா அந்த டெஸ்டையும் தொடரையும் வென்றது. இடம் காலியானால்தானே இன்னொருவர் வர முடியும்?

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது. வலித்தால் ஆடாமல் இருக்கும் உரிமை ஒருகாலத்தில் விளையாட்டின் இயல்பான பகுதியாக இருந்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்சின் முயற்சியால் உருவானது. 1890இல் அங்கே படகுச் சங்கம், 1895இல் கோல்ஃப் சங்கம். கோடையைக் கழிக்க மலையேறிய துரைமார்களுக்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. முழங்கால் வலித்தால் வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்; யாரும் கேட்கமாட்டார்கள், சம்பளமும் போகாது.

சமவெளியில் கதை வேறு. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்தது. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. கோபாலனின் திறமையைக் கண்டு பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர். விளையாட்டுக்காகக் கிடைத்த வேலை. ஆகவே விளையாட்டே வேலை. பின்னாளில் சென்னை லீக் முழுவதும் இந்த ஏற்பாட்டின்மேல்தான் நின்றது. ஸ்டேட் வங்கி, இந்தியா பிஸ்டன்ஸ், சான்மார் ஆதரவில் ஜாலி ரோவர்ஸ் என்று நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. யாரும் வந்து பார்க்காத லீக் ஆட்டங்களே அவர்களுடைய அலுவலகம். அலுவலகத்துக்கு இடுப்புவலி என்று எத்தனை நாள் விடுப்பு எழுத முடியும்?

கோபாலனைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1936இல் அவர்முன் இரண்டு கப்பல்கள் நின்றன: பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி, இங்கிலாந்துப் பயணத்தில் கிரிக்கெட். கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது; இங்கிலாந்தில் இவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் டெஸ்ட் அல்லாத பயண ஆட்டங்கள். பிறகும் ஊருக்கு வந்து பல ஆண்டுகள் சென்னைக்காக ஆடினார். வரலாறு இதை ஒரு தவறான தேர்வாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

இந்தப் பின்னணியோடு நத்தத்துக்கு வருவோம். திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் அணுக்கமாக உள்ள ஊர். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரை இவ்வழியாகத்தான் போகிறது. கொப்புளம் கண்ட கால்களை அந்தச் சாலை நன்கறியும். அங்கே ஒரு கல்லூரி மைதானம் ரஞ்சி ஆட்டங்களுக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீகுக்கும் களமாயிற்று. 2019 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடும் கர்நாடகமும் அங்கே மோதின. கொல்கத்தாவில் பகலிரவு டெஸ்ட் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இந்தியாவின் ஒருநாள் அணியிலோ இருபது ஓவர் அணியிலோ அஸ்வினுக்கு அப்போது இடமில்லை. மேலே நாம் கண்டபடி, ஆறு பந்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலமும் அதுதான். நத்தத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் வீசினார். நான்காம் நாள் தமிழ்நாட்டுக்குத் தேவை 181. கிருஷ்ணப்பா கௌதம் எட்டு விக்கெட் சாய்க்க, 26 ஓட்டங்களில் தோற்றோம். கௌதமுக்கு ஆட்டத்தில் மொத்தம் பதினான்கு. அற்புதமான நான்கு நாள் ஆட்டம். மறுநாள் பேசியவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

சிட்னியில் எதிர்முனையில் நின்ற விஹாரிக்கு என்ன நேர்ந்தது? 2023 ஜனவரி இறுதியில் இந்தூரில் ஆந்திரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் ரஞ்சிக் காலிறுதி. ஆவேஷ் கானின் பந்து பட்டு விஹாரியின் இடது மணிக்கட்டு முறிந்தது. வெளியேறியவர் கடைசி விக்கெட் நின்றபோது திரும்பி வந்தார். வலதுகை ஆட்டக்காரர், முறிந்த கையைப் பந்திலிருந்து காக்க, இடதுகைக்காரரைப்போல் திரும்பி நின்று ஒற்றைக் கையால் மட்டை சுழற்றினார். இரண்டாம் இன்னிங்ஸிலும் அப்படியே. ஆந்திரம் ஐந்து விக்கெட்டில் தோற்றது. இந்திய டெஸ்ட் அணியிலிருந்து அதன்பின் அவருக்கு அழைப்பு வரவில்லை. விழுப்புண்ணும் கொடைமடமும் ஒரே உடலில் சேர்ந்த இடம் அதுவென்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைப் பிறருக்கு விதியாக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால் விதியாக்கியபோது நடந்ததையும் பார்த்தோம். 2024 பிப்ரவரியில் ரஞ்சி ஆட்டங்களைத் தவிர்த்தார்கள் என்று பேசப்பட்ட இஷான் கிஷன், ஷ்ரேயஸ் ஐயர் இருவரையும் கிரிக்கெட் வாரியம் ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து நீக்கியது. ஐயர் முதுகுவலி என்றார். புதிய காயம் ஏதுமில்லை என்றது தேசிய கிரிக்கெட் அகாடமி. பின்னர் அவர் தமிழ்நாட்டுக்கு எதிரான அரையிறுதியில் ஆடினார். விதர்பாவுக்கு எதிரான இறுதியில் 95 எடுத்தார். அந்த ஆட்டத்தின் கடைசி நாள்களில் முதுகுவலியால் களத்தடுப்புக்கு வர இயலவில்லை. வலி உண்டா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் யாருடையது? வலிப்பவனுடையது இல்லையென்றால், கோபாலன் காலத்து பர்மா ஷெல் மேசை இன்னும் மாறவில்லை என்றுதான் பொருள். வாரியம் கேட்பதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். பெரிய ஆட்டக்காரர் வராத ரஞ்சி வற்றிப்போகும். ஆயினும் கட்டளையிட்டுப் பெறும் போர்வையைக் கொடை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம்முடைய லட்சுமிபதி பாலாஜியை நினைத்துக்கொள்கிறோம். 2004இல் பாகிஸ்தான் மண்ணில் சிரித்துக்கொண்டே மட்டை சுழற்றியவர். முதுகெலும்பில் விழுந்த அழுத்த முறிவு அவரிடமிருந்து ஆண்டுகளைத் தின்றது. வீச்சு முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி, 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். பழைய வேகம் திரும்பவில்லை.

அஸ்வின் 2024 ஆகஸ்டில் திண்டுக்கல் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். இறுதியாட்டத்தில் அரைச்சதமும் அடித்தார். அந்த டிசம்பரில் பிரிஸ்பேனில், 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு, சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார். அதோடு போதும் என்றிருக்கலாம். 2025 கோடையிலும் அதே அணிக்குத் தலைவராக வந்தார். கோவையில் தமக்கு எல்பிடபிள்யூ கொடுத்த நடுவரோடு வாதாடி, மட்டையைக் காலுறையில் அடித்துக்கொண்டு வெளியேறி, அபராதமும் கட்டினார். ஜூலை 6ஆம் நாள் இறுதியாட்டம், சொந்தக் களமான நத்தத்தில். திருப்பூர் அணி 220 அடித்தது. திண்டுக்கல் 102க்கு ஆட்டமிழந்தது.