வாசலுக்கு முதுகு காட்டும் காவலன்

சீனப் பௌத்தக் கோயிலின் முதல் மண்டபத்தில் நுழைந்ததும் தொப்பையோடு சிரிக்கும் வருங்காலப் புத்தர் மைத்ரேயரும், இருபுறமும் விழி பிதுங்கிய திசைக் காவலர் நால்வரும் தெரிவார்கள். மைத்ரேயருக்குப் பின்புறம், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பொன் கவசம் பூண்ட மரப் படைத்தலைவன் ஒருவன் நிற்பான். அவன்தான் வெய்துவோ. ஹாங்சோ நகரின் லிங்யின் கோயிலில் இருப்பவனை ஒரே கர்ப்பூர மரத்தில், தென்சோங் காலத்தில் செதுக்கியதாகக் கோயில் மரபு சொல்கிறது. காவலன் எதிரி வரும் திசையை அல்லவா பார்க்க வேண்டும்? இவனோ முற்றத்துக்கு அப்பாலுள்ள புத்தரைப் பார்க்கிறான். இவன் காப்பது கோயிலை அல்ல, துறவிகளின் ஒழுக்கத்தை என்பதே என் வாதம்.

இவன் கதைக்கு வேர், தாங் காலத்தில் விநயம் என்னும் துறவு ஒழுக்க விதிகளின் ஆசானாக இருந்த தாவ்சுவானின் (596–667) எழுத்துகளில் இருக்கிறது. தமக்கு வானவர் காட்சி தந்ததாக அவர் இறுதி ஆண்டில் எழுதிவைத்தார். தென்திசை மன்னனின் படைத்தலைவருள் ஒருவனான வெய், துறவைக் குலைக்க முயலும் மாரனின் மக்கள் மன உறுதி குறைந்த துறவிகளை மயக்கும்போது ஓடிவந்து காப்பான் என்கிறது அந்தக் குறிப்பு. ஆபத்து மதிலுக்கு வெளியே இல்லை, துறவியின் மனத்தில் இருக்கிறது. சிற்பியும் இதற்கு ஒத்துப்போகிறான்: திசைக் காவலரின் உறுமலோ தாடியோ இல்லாத, அமைதியான இளைஞன் முகத்தையே கொடுத்திருக்கிறான்.

வெளிப்பக்கத்தை நால்வர் பிடித்துக்கொண்டதால் இவனுக்குப் பின்பக்கம்தான் மிஞ்சியது எனலாம். இடம் ஒரு காரணமாக இருக்கட்டும். ஆனால் நால்வரோடு ஐந்தாமவனாக நிறுத்தாமல் புத்தருக்கு நேர் எதிரே தனித்து நிறுத்தியதற்கு அது விடையாகாது. நமக்கு நெருக்கமான மறுப்பு, இவன் கந்தன்தானே என்பது. பெயர் ஸ்கந்தனிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர் பலர். ஆனாலும் இவன் கையில் வேல் இல்லை, வஜ்ரத் தண்டு இருக்கிறது. மயிலும் இல்லை, வள்ளியும் இல்லை. பெயர் இந்தியாவிலிருந்து போயிருந்தாலும் வேலையைக் கொடுத்தது சீன விநய மரபு. தண்டை முழங்கைகளின் மேல் கிடத்திக் கைகூப்பினால் வழிப்போக்குத் துறவிக்கு உணவும் தங்கலும் உண்டு, தரையில் ஊன்றினால் இல்லை என்றொரு வழக்கும் உண்டு. ஊருக்கு ஊர் இந்த விளக்கம் மாறும். எந்த விளக்கத்திலும் கேள்வி துறவியின் சோற்றைப் பற்றியது, திருடனைப் பற்றியது அல்ல.