அணுவும் அன்னமும்

முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்து, கொக்கிளாயைக் கடந்து புல்மோட்டை வரை நீளும் கரை, மீனவர்க்கு வாழ்வளிக்கும் கரையாகும். புல்மோட்டையில் அலைகள் ஒதுக்கும் கறுமணலில் இல்மனைற், உருத்தைல், சேர்க்கன் ஆகிய கனியங்கள் மிகுதி. தோரியம் செறிந்த மொனசைற்றும் அதிற் சிறிதளவு கலந்துள்ளது.

இலங்கை மண்ணுக்கும் கதிரியக்க ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு பழையது. இந்நாட்டுக் கனிய ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, 1904ஆம் ஆண்டில் தோரியனைற் என்னும் புதிய கனியத்தைக் கண்டறிந்தார். இலங்கையிலிருந்து சென்ற அக்கனியத்தை இலண்டனில் ஆராய்ந்த ஒட்டோ கான், 1905இல் அதிலிருந்து ரேடியோதோரியத்தைப் பிரித்தெடுத்தார்.

அக்காலத்து விஞ்ஞானிகள் இப்பொருள்களின் தீங்கை முற்றும் அறிந்திலர். மேரி கியூரி அம்மையாரின் குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் உளது. எனினும் பேரிழப்புக்கு ஆளானோர் பேரறிஞர் அல்லர். ஏழைத் தொழிலாளப் பெண்களே. அமெரிக்காவில் 1917ஆம் ஆண்டு முதல் இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியப் பூச்சுத் தீட்டிய அவர்கள், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கினர். வேலை மேசையிலேயே உணவும் உண்டனர். பலருக்குத் தாடையெலும்பு சிதைந்தது. சிலர் இளமையிலேயே மாண்டனர். காரணம் ரேடியமே என்பதை 1925இல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் நிலைநாட்டினார்.

ரேடியம் வெளியிடும் அல்பாக் கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். தோலின் மேற்படையும் தடுத்துவிடும். ஆனால் உணவோடு உட்புகுந்த ரேடியம், கல்சியத்தைப் போல எலும்பிற் சென்று தங்கும். அதன் அரைவாழ்வுக் காலமோ ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆகவே மனிதன் வாழும் வரை அது உள்ளிருந்தே சுடும்.

இத்துன்பத்திலிருந்து பிறந்ததே, இன்று ஆய்கூடங்கள் போற்றும் விதி. கதிரியக்கப் பொருளைக் கையாளும் அறையில் உண்ணலாகாது, பருகலாகாது, புகைத்தலும் ஆகாது. திரவத்தைக் குழாயில் வாயால் உறிஞ்சலாகாது. ஆய்வுப் பொருள் வைக்கும் குளிர்ப்பெட்டியில் உணவை வைத்தல் கூடாது. மேலங்கியைக் களைந்து, கைகழுவி, கதிர்மானியாற் சோதித்த பின்னரே உணவறைக்குச் செல்லவேண்டும்.

ஆய்கூடத்துக்கு வெளியேயும் இவ்விதியின் பொருள் மாறுவதில்லை. 1987இல் பிரேசில் நாட்டுக் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவியொன்றை உடைத்தவர்களால் சீசியத் தூள் வீடுகளுக்குள் பரவியது. நீல ஒளி வீசிய அத்தூளைத் தொட்டு விளையாடிய ஆறு வயதுச் சிறுமி, அதே கையால் உணவு உண்டாள். மாண்ட நால்வரில் அவளும் ஒருத்தி.

கடற்கரையிற் பரந்து கிடக்கும் கறுமணலை இத்தூளோடு ஒப்பிட்டு அஞ்சுதல் பொருந்தாது. மொனசைற்றிலுள்ள தோரியம் மணிக்குள்ளே இறுகிக் கிடப்பது. ஆயினும் மணலை உலர்த்திக் கனியங்களைப் பிரிக்கும்போது மொனசைற்று ஓரிடத்தில் செறியும், தூசும் எழும். அத்தூசு படாத இடத்தில் தொழிலாளியின் சோற்றுப் பொதி இருத்தல் வேண்டும். செருப்பை வாயிலிற் கழற்றி, கைகழுவிய பின்னரே அடுக்களை புகும் நம்மவர்க்கு இது புதிய பாடமன்று.