வௌவால் குகையும் இருள்வாழ் சிற்றுயிர்களும்

1831ஆம் ஆண்டில், இன்றைய ஸ்லோவேனியாவிலுள்ள பொஸ்தோய்னாக் குகையில் விளக்கேற்றும் பணியாளரான லூக்கா செச் என்பார் விந்தையான வண்டொன்றைக் கண்டெடுத்தார். மறு ஆண்டில் பெர்டினண்ட் சிமித் அதற்குப் பெயரிட்டார். கண்ணற்ற அவ்வண்டே குகை உயிரியலுக்குத் தோற்றுவாயாயிற்று.

நம் அயலில் இத்துறை சிறப்புற்றது 1922இலாகும். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த கெம்ப், சோப்ரா ஆகிய இருவரும் காரோ மலையிலுள்ள சிஜுக் குகையினுட் புகுந்து உயிரினங்களைத் திரட்டினர். ஆய்வு முடிவுகள் 1924இல் வெளிவந்தன. காரோ மக்கள் அதனை ‘வௌவால் குகை’ என்றே வழங்குவர். குகை வாழ்வின் மருமம் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. ஒளி புகா இடத்திற் பசுந்தாவரம் வளராது. வெளியே இரைதேடி மீளும் வௌவால்களின் எச்சமே உள்ளே உணவாகின்றது. அதனை உண்ணும் பூச்சிகள் சிலந்திகளுக்கு இரையாகின்றன.

இலங்கையில், இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனைச் சுண்ணக்கற் குகையும் வௌவாலைக் குறிக்கும் சிங்களச் சொல்லையே பெயரிற் கொண்டுள்ளது. ஈழத்துச் சிற்றுயிர்களைச் சேகரித்துப் பதிவுசெய்த பெருமை 1877இல் திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலைக்கு உண்டு. ஆயினும், பெயரிடுதல் மட்டும் உயிர்களைக் காவாது. வௌவால்கள் அகலின் எச்சம் அருகும். எச்சம் அருகின், பெயர் பெறாத உயிர்களும் மறையும். ஆதலின், குகையைக் காத்தலென்பது அதன் வாயிலுக்கு அப்பாலுள்ள காட்டையும் காத்தலேயாம்.